பந்தய மைதானமும் பொங்கல் பேனரும்: அரசிடம் கணக்குக் கேட்பது பற்றி

(நம் சங்கத்தின் காந்தி ஜயந்திக் கூட்டம் இந்த ஆண்டு பூஜை விடுமுறையின் காரணமாக அக்டோபர் 5, ஞாயிறு மாலை சமுதாயக் கூடத்தில் நடந்தது. அதில் நம் குடியிருப்பாளரும், தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரும், சங்கத்தின் முன்னாள் பொருளாளருமான உறுப்பினர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம். – ஆசிரியர் குழு)



"அரசின் பொறுப்புடைமை" என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். நான் சொல்லப்போவது அதைவிடச் சின்ன விஷயம். சூதாட்டம், குதிரைப் பந்தயம், இவற்றைப் பற்றி அரசிடம் நாம் என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம், பதில் வராவிட்டால் என்ன செய்யலாம் என்பதுதான். கடைசியில் நம் சங்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

முதலில் கிண்டி. வேளச்சேரிக்காரர்களான நமக்கு கிண்டி ரேஸ்கோர்ஸ் ரோடு என்றால் டிராபிக்தான் ஞாபகம் வரும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சுமார் 160 ஏக்கர் இருக்கிறது. அது அரசு நிலம். 1940களின் நடுவில் 99 வருடக் குத்தகைக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். மாத வாடகை இல்லை, ஆண்டு வாடகை. ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட வரவில்லை. நம் குடியிருப்பில் இரண்டாவது கார் நிறுத்த மாதம் எவ்வளவு வாங்குகிறோம் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பத்து ரூபாய் ஏற்றினாலே இந்தக் கூடத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதும் தெரியும்.

அரசு வாடகையை உயர்த்தியது. குத்தகைப் பத்திரத்தில் உயர்த்துவதற்கு இடமில்லை என்று கிளப் சொன்னது. வழக்கு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கியை ஒரு மாதத்தில் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தார். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையையே ரத்து செய்தது. அதன் பிறகு அங்கே குளங்கள் வெட்டினார்கள். மீதி இடத்தில் 118 ஏக்கரைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கினார்கள். ஒரு பக்கம் குளம், இன்னொரு பக்கம் வழக்கு என்று நடந்தது.

2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் கழுத்தளவு தண்ணீரில் நின்ற நமக்கு அந்தக் குளங்கள் மேல் ஆசை இருப்பது இயற்கை. எனக்கும் இருக்கிறது. ஆனால் தணிக்கைக்காரன் புத்தி வேறு இடத்துக்குப் போகும். வாடகைப் பாக்கி 730 கோடி ஆகும்வரை ஒவ்வொரு ஆண்டும் யாரோ ஒருவர் ஒரு பதிவேட்டில் "வரவேண்டியது" என்று எழுதியிருப்பார். அந்தப் பதிவேட்டை யார் பார்த்தார்கள்?

ஊட்டி இதைவிட மோசம். அங்கே பந்தய மைதானம் 52 ஏக்கருக்கு மேல். குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டது. வருவாய்த் துறை அதைக் கையகப்படுத்தியது 2024 ஜூனில். நடுவில் 46 வருடம். பாக்கி 822 கோடி ரூபாய் என்றார்கள். இந்த 46 வருடத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. ஆகவே இது கட்சிப் பேச்சு இல்லை. பின்வரிசையில் அண்ணன் ஒருவர் நிமிர்ந்து உட்காருகிறார், அவருக்காகச் சொல்கிறேன்.

கிளப் தரப்பிலும் நியாயம் உண்டு. கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் இல்லாததை ஏன் கேட்கிறாய் என்பது சாதாரணக் கேள்வி இல்லை. லாயத்தில் தலைமுறையாக வேலை செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று அரசாணையோடு சேர்த்து நாமும் கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை. நம் குரூப்பில் அன்று பேசியதெல்லாம் வாக்கிங் டிராக் வருமா என்பதுதான்.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன். என் தம்பி ஒருவன் எண்பதுகளில் கிண்டிக்குப் போவான். சனிக்கிழமை வீட்டை விட்டு இஸ்திரி போட்ட சட்டையோடு போவான், திரும்பும்போது பஸ்ஸுக்குக் காசிருக்காது, நடந்து வருவான். அம்மா கேட்டால், "இது அதிர்ஷ்டம் இல்லம்மா, குதிரை, ஜாக்கி, எடை எல்லாம் பார்த்துக் கணக்குப் போடணும்" என்பான். பின்னாளில் உச்ச நீதிமன்றமே கிட்டத்தட்ட அவன் சொன்னதைச் சொன்னது! 1996 ஜனவரியில், லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. 1974-இல் பந்தயத்தை நிறுத்தச் சட்டம் போட்டிருந்தார்கள். 1986-இல் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டார்கள். அந்த 1986 சட்டம் செல்லாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தம்பி அதற்குள் பந்தயத்தை விட்டுவிட்டான். நிலத்தையும் விற்றிருந்தான்.

இந்தத் "திறமை" என்ற ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1967-இல் ஆந்திர வழக்கு ஒன்றில், பதின்மூன்று சீட்டு ரம்மியில் விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது ஒரு கிளப்பில் நாலு பேர் உட்கார்ந்து ஆடுவதைப் பற்றிய பேச்சு. அரை நூற்றாண்டு கழித்து அந்த வரியை எடுத்துக்கொண்டு வந்து செல்போனில் வைத்தார்கள். சீட்டைக் கலைப்பது மென்பொருள், எதிரே இருப்பவர் யாரென்று தெரியாது, ராத்திரி மூணு மணிக்கும் மேசை திறந்திருக்கும். ஆனாலும் "திறமை".

தமிழ்நாடு இதைத் தடுக்க என்ன செய்தது என்பதைத் தேதி வாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் தேதிகளில்தான் இருக்கிறது.

2020 நவம்பரில் அவசரச் சட்டம். 2021 பிப்ரவரியில் அது பேரவையில் சட்டமானது. 2021 ஆகஸ்ட் 3-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தடை மிதமிஞ்சியது, அதற்குத் தேவையான ஆதாரம் காட்டப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். தணிக்கையில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவார்கள்: கோப்பில் இல்லாதது நடக்கவே இல்லை. ஊரில் குடும்பங்கள் அழுதது உண்மை. ஆனால் அது கோப்பில் இல்லை.

2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். இரண்டே வாரத்தில் அறிக்கை தந்தது. அந்த ஆகஸ்டில் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்டார்கள். நம் சங்கத்திலிருந்து ஒருவர்கூட எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம், அக்டோபர் 19-இல் பேரவையில் மசோதா. மசோதா ஆளுநரிடம் போய் அங்கேயே இருந்தது. அவசரச் சட்டம் நவம்பர் 27-இல் காலாவதியானது. 2023 மார்ச்சில் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23-இல் பேரவை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது.

2022 நவம்பர் 27 முதல் 2023 ஏப்ரல் வரை ஒரு இடைவெளி இருக்கிறது, கவனித்தீர்களா? நாலரை மாதம் எந்தச் சட்டமும் நடைமுறையில் இல்லை. அந்த இடைவெளிக்குத்தான் பிறகு வருவேன்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் இந்தப் புதுச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்பதால் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. அப்புறம் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் விதிகள் போட்டது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், 18 வயதுக்குக் கீழே கூடாது என்று. அதை எதிர்த்துப் போனார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் விதிகள் சரி என்றது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், மத்திய அரசு நாடு முழுவதற்கும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டையே தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. மக்களவையில் 20-ஆம் தேதி, மாநிலங்களவையில் 21, குடியரசுத் தலைவர் ஒப்புதல் 22. மூன்றே நாள். நம் மாநிலத்துக்கு மூன்று வருடம் ஆனதும் தவறு, அவர்களுக்கு மூன்று நாள் ஆனதும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. விவாதம் நடக்காத சட்டம் நீதிமன்றத்தில் எப்படி நிற்கும் என்பது 2021-இல் பார்த்ததுதானே. அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகள் 2025-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1968-இல் நம் அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அண்ணா காலத்து முழக்கம். 1975-இல் நிறுத்தினார்கள், பிறகு மீண்டும் வந்தது, 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிக்கும் தடை வந்தது. அரசுக்கு வருமானம் தரும்போது ஒரு பார்வை, குடும்பம் உடையும்போது ஒரு பார்வை. இது இன்றும் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் இணைய விளையாட்டில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள், அதில் பாதி மாநிலத்துக்கு. குதிரைப் பந்தயத்துக்கு 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து 40 சதவீதம். தடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே உடம்பில் இருக்கும்போது, எவ்வளவு வாங்கினாய் என்று வெளிப்படையாகச் சொல் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

யாரிடம் கேட்பது? இங்கேதான் சிக்கல். பந்தய மைதான நிலம் வருவாய்த் துறை. வரி வணிகவரித் துறை. சூதாட்ட வழக்கு உள்துறை, காவல்துறை. அடிமையாகிப்போனவருக்குச் சிகிச்சை மக்கள் நல்வாழ்வுத் துறை. ஒரே குடும்பத்தின் ஒரே துன்பம் நான்கு துறைகளில் நான்கு வேறு தலைப்பில் பதிவாகிறது, அல்லது எதிலும் பதிவாவதில்லை.

சில ஊர்களில் இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் 2022 ஆகஸ்டில் எல்லாச் சூதாட்டத்துக்கும் ஒரே ஆணையம் அமைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சூதாட்டத்துக்கும் பந்தயத்துக்கும் அமைச்சர் உண்டு. ஆண்டுதோறும் பட்ஜெட் விசாரணை என்று மேலவைக் குழு முன்னால் அமைச்சர்களும் அதிகாரிகளும் உட்கார வேண்டும். சூதாட்ட இயந்திரம் எத்தனை என்பதிலிருந்து, குடியேறி வந்தவர்களுக்கான சேவை, துறையில் வேலை செய்பவர்களில் பெண்கள் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர் என்பதுவரை கேட்பார்கள். அங்கேயே பதில் இல்லையென்றால் எழுதித் தர வேண்டும். அங்கே சூதாட்டம் குறைந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அங்கேதான் மதுக்கடைக்கு மதுக்கடை இயந்திரம் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை தெரியும். எண்ணிக்கை தெரிந்தால் சண்டையாவது போடலாம்.

நமக்கும் வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையின்போதும் கொள்கை விளக்கக் குறிப்பு பேரவையில் வைக்கிறார்கள். தமிழில் இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும், யாரும் படிப்பதில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை பேரவைக்கு வருகிறது, அதைப் பொதுக் கணக்குக் குழு எடுத்து விசாரிக்கும். நம் தொகுதி எம்.எல்.ஏ. கேள்வி நேரத்தில் கேட்கலாம். அவரிடம் கேள்வியை எழுதிக் கொடுக்கலாம். எல்லாவற்றையும்விடக் கையடக்கமானது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் பத்து ரூபாய். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு அந்த அலுவலகத்திலேயே மேலதிகாரிக்கு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். போன வருடம் ஒரு அலுவலகத்துக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். "இணைய ரம்மியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு என்ன செய்தது, ஏன் செய்யவில்லை?" என்று ஆரம்பித்திருந்தேன். முப்பத்தைந்து வருடம் பிறர் கோப்பில் குறை கண்டவன் இப்படியா எழுதுவது! "ஏன்" என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடம் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் சட்டம். மனு வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது, அங்கிருந்து இன்னொன்றுக்கு. நாற்பத்தெட்டாவது நாள் இரண்டு வரியில் பதில்: தாங்கள் கோரியவாறு தகவல் தொகுக்கப்பட்டுப் பராமரிக்கப்படவில்லை. கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதுவே பதில் என்று புரிந்தது. தொகுக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தோடு எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாம், செய்தியாளரைப் பார்க்கலாம்.

ஆகவே கேட்கும்போது ஆவணத்தைக் கேளுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பதிவான முதல் தகவல் அறிக்கைகளின் எண்ணிக்கை. அதில் விளம்பரம் செய்தவர்கள் மேல் எத்தனை, ஆடியவர்கள் மேல் எத்தனை. இது முக்கியம், ஏனென்றால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கு மூன்று மாதம்வரை சிறை, விளம்பரம் செய்தால் ஓராண்டு, நடத்துபவருக்கு மூன்றாண்டு. யார் மேல் வழக்கு போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் சட்டம் யாரைப் பிடிக்கிறது என்று தெரியும். கிண்டி நிலத்தைப் பற்றியும் அப்படியே: அரசாணை நகல், பூங்காவுக்கான வரைபடம், குளங்களுக்கு வந்து சேரும் வாய்க்கால் எது, வேளச்சேரிப் பக்கம் வெளியேறும் வழி எது. குளம் வெட்டியாகிவிட்டது என்ற படம் வேண்டாம், வரைபடம் வேண்டும்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

2023 பொங்கல் விழா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேடை பெரிதாகப் போட்டோம், உறியடி, கோலப்போட்டி, எல்லோருக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதற்கு நாற்பதாயிரம் ரூபாய் ஒரு நிறுவனம் கொடுத்தது. மேடைக்குப் பின்னால் இருபது அடிக்கு அதன் பேனர் இருந்தது. சீட்டுக்கட்டுப் படம், ஒரு நடிகர் சிரிப்பது போல. நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, பெயர் விஷயம் இல்லை. ரசீதில் பொருளாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

செயற்குழுவில் ஒரு உறுப்பினர், ஒரு அம்மா, இது சரியா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவசரச் சட்டம் நவம்பரிலேயே காலாவதி, மசோதா ஆளுநரிடம் இருக்கிறது, இன்றைய தேதியில் தடை எதுவும் இல்லை என்றேன். தேதி வாரியாகச் சொன்னேன், இப்போது சொன்ன மாதிரியே. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

அப்போது நம் வாசலில் இரவுப் பணிக்கு ஒரிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். இருபத்து மூன்று வயது. ஏஜென்சி மூலம் வந்தவன். என் பேத்தியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுப்பான். அந்த ஏப்ரலில் ஒருநாள் என்னிடம் இரண்டாயிரம் கடன் கேட்டான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றான், கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்தக் குடியிருப்பில் பதினான்கு பேரிடம் வாங்கியிருக்கிறான். மே மாதம் ஏஜென்சிக்காரர் வந்து விசாரித்தபோது நானும் இருந்தேன். மூன்று மாதச் சம்பளம் முழுக்க போனில் ரம்மியில் போயிருந்தது. நான் அவனைத் திட்டினேன். "இதெல்லாம் மோசடின்னு தெரியாதா உனக்கு?" என்றேன். அவன் அரைகுறைத் தமிழில், "சார், நம்ம பொங்கல்ல பேனர் இருந்துச்சே. நம்ம அசோசியேஷன் கம்பெனின்னு நினைச்சேன்" என்றான்.

இரண்டு நாள் கழித்து அவன் இரவோடு இரவாகப் போய்விட்டான். பேட்டரியையும் விசிலையும் நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். எங்கே போனான் என்று நாங்கள் ஏஜென்சியைக் கேட்டோம். அவர்கள் எங்களைக் கேட்டார்கள். அவனுடைய ஊர் விலாசம் நம் பதிவேட்டில் இல்லை. ஏஜென்சியின் பதிவேட்டில் மாவட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-லேயே வந்த சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. ஒப்பந்தக்காரர் பதிவு செய்ய வேண்டியிருந்தது, விவரம் வைத்திருக்க வேண்டியிருந்தது. அவன் பெயர் எங்காவது பதிவாகியிருந்ததா என்று நம் சங்கம் ஒரு நாளும் கேட்டதில்லை. கிண்டி வாடகைப் பாக்கிப் பதிவேட்டை யார் பார்த்தார்கள் என்று சற்று முன் நான் கேட்டேனே, அதே கேள்விதான்.

ஜூன் மாதம் அவன் அம்மா செக்யூரிட்டி போனுக்குக் கூப்பிட்டார். மொழி புரியவில்லை. சி பிளாக்கில் ஹிந்தி தெரிந்த மருமகள் வந்து பேசினாள். மகன் ஊருக்கு வரவில்லை, நம்மிடம்தான் இருக்கிறான் என்று அந்த அம்மா நினைத்திருந்தார். அதற்குப் பிறகு நமக்கு எந்தச் செய்தியும் இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த நாற்பதாயிரம் இன்னும் நம் கணக்குப் புத்தகத்தில் "விழா நன்கொடை" என்ற தலைப்பில் இருக்கிறது. தணிக்கையில் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. நான் இன்று செயற்குழுவுக்கு எழுத்து மூலம் மூன்று கோரிக்கை கொடுத்திருக்கிறேன். நன்கொடை கொடுத்தவர் யார், எவ்வளவு என்பதை ஒவ்வொரு விழாவுக்கும் முன்னால் நோட்டீஸ் போர்டில் போட வேண்டும். எதிர்ப்பு இருந்தால் சொல்ல ஒரு வாரம் அவகாசம் தர வேண்டும். நம் வாசலில், தோட்டத்தில், குப்பை அள்ளுவதில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் ஊர், வீட்டு எண், பதிவு விவரம் ஏஜென்சியிடமிருந்து வாங்கி வைக்க வேண்டும். தராத ஏஜென்சிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கக் கூடாது. மூன்றாவது, அந்தப் பதினான்கு பேர் கொடுத்த கடனில் திரும்ப வராத தொகையை அவன் பாக்கிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏஜென்சிக்கு எழுதினோமே, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். என்னுடைய இரண்டாயிரமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பழக்கத்தில் மாட்டியிருந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். 14416 என்பது டெலி மானஸ், மனநல ஆலோசனை, கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். பணம் ஏமாற்றிப் பறிக்கப்பட்டிருந்தால் 1930, சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. தடை வந்துவிட்டதே, இனி எதற்கு என்று நினைக்க வேண்டாம். மூடிய கடைக்குப் பின்வாசல் இருக்கும். வெளிநாட்டுத் தளங்களின் இணைப்பு டெலிகிராமில் வருகிறது என்று நம் பையன்களே சொல்கிறார்கள்.

தகவல் உரிமை மனுவுக்கு நான்கு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்: கிண்டி நிலம், வழக்குகளின் எண்ணிக்கை, வரி வருமானம், சிகிச்சை வசதி. வாசல் பக்க மேசையில் இருக்கின்றன. பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் நானே வாங்கி வந்திருக்கிறேன், ஐம்பது இருக்கிறது. ஒரே ஆள் நான்கும் போட வேண்டாம், ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் நகலை எனக்குக் கொடுங்கள், அடுத்த இதழில் வந்தது வந்தபடி போடச் சொல்கிறேன். ஏ பிளாக் சாருக்கு ஏதோ கேள்வி இருக்கிறது என்று கை தூக்குகிறார். கேளுங்கள் சார். காபி வந்துவிட்டது, குடித்துக்கொண்டே பேசலாம்.